ஆசிரியர் அறை கேள்வி–பதில்: பக்கத்து வகுப்பில் ஒரு பாடவேளை

இரண்டு இதழ்களுக்கு முன் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "பத்துப் பயிற்சி வகுப்புகளுக்குப் போவதைவிடப் பக்கத்து வகுப்பறையில் ஒரு பாடவேளை உட்கார்ந்து பாருங்கள்" என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்றக் கேள்விகளை எல்லாம் ஓரங்கட்டிவிட்டன. பெரும்பாலானவை சென்னையிலிருந்தும் புறநகரிலிருந்தும் வந்தவை. பாதிக் கடிதங்களில் ஐயம், மீதியில் கோபம். இம்முறை அவற்றுக்கு மட்டுமே இடம். பெயரையும் பள்ளியையும் குறிப்பிட வேண்டாம் என்று ஏறத்தாழ எல்லோரும் கேட்டிருப்பதால் பகுதியின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: அம்மா, நான் 17 ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். இந்தக் கல்வியாண்டு முதல் மாதம் இருமுறை உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் என் வகுப்பில் அமர்ந்து, 20 இனங்கள் கொண்ட படிவத்தில் ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் இட்டு முதல்வரிடம் தர வேண்டுமாம். ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் திட்டம் என்று சுற்றறிக்கை சொல்கிறது. எனக்கோ இன்ஸ்பெக்ஷனாகத் தெரிகிறது. நான் நினைப்பது தவறா?
– கணித ஆசிரியை, பெரம்பூர்

பதில்: தவறே இல்லை. இன்ஸ்பெக்ஷனுக்குப் புதுப் பெயர் சூட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்ஷன் என்றால் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பாடக்குறிப்பு நோட்டுக்குப் புது அட்டை போடப்படும். பரணில் கிடந்த சார்ட்டுகள் தூசு தட்டிச் சுவருக்கு வரும். நன்றாகப் பதில் சொல்லும் பிள்ளைகள் முன்பெஞ்சுக்கு வருவார்கள். பணியில் சேர்ந்த புதிதில், அதிகாரி வருகிறார் என்று தெரிந்து, முந்தின நாள் நடத்தி முடித்த செய்யுளையே மறுநாளும் புதிதாக நடத்துவதுபோல் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகளும் முதன்முறை கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு எனக்குத் துணை நின்றார்கள். அதிகாரி மிகவும் திருப்தியோடு கையெழுத்திட்டுச் சென்றார். அன்று அந்த அறையில் அவரோ நானோ பிள்ளைகளோ புதிதாக எதையும் தெரிந்துகொள்ளவில்லை.

மதிப்பெண் போடச் சொன்னவுடன் இந்த நாடகம் தானாகவே மேடை ஏறிவிடும். அதுவும் மதியம் ஒரே மேசையில் டப்பாவைத் திறந்து பொரியலைப் பகிர்ந்துகொள்ளும் இருவரில் ஒருவர் மற்றவருக்கு ஐந்துக்கு இரண்டு போடுவார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பு அறியாதவர் செய்யும் வேலை. எல்லோரும் எல்லோருக்கும் நான்கும் ஐந்துமாகவே போடுவார்கள், கல்யாண வீட்டில் மொய் எழுதுவதுபோல. இன்று வைத்தது அடுத்த மாதம் திரும்பி வரும். யாரேனும் மெய்யாகவே குறைத்துப் போட்டுவிட்டால், ஆசிரியர் அறையில் அந்த மனத்தாங்கல் ஆண்டுவிழா வரை தீராது. அதற்கும் மேலாக ஒன்று உண்டு. அமெரிக்காவில் கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியில் ஆயிரக்கணக்கான வகுப்புகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு, ஒரே ஒருவர் ஒரே ஒரு பாடத்தைப் பார்த்து இடும் மதிப்பெண்ணைக் கொண்டு ஓர் ஆசிரியரை எடைபோட முடியாது என்றும், வெவ்வேறு பார்வையாளர்கள் வெவ்வேறு பாடங்களைப் பார்த்தால்தான் ஓரளவு நம்பலாம் என்றும் கண்டது. அவர்களாவது முறையாகப் பயிற்சி பெற்ற பார்வையாளர்கள். நம் ஆசிரியர்கள் கையில் இருப்பதோ ஜெராக்ஸ் எடுத்த ஒரு படிவம்.

ஆசிரியர் ஆசிரியரிடம் கற்பது என்ற எண்ணத்தைப் பல ஆண்டுகள் உழைத்துச் செம்மைப்படுத்தியவர்களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்களான புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் முக்கியமானவர்கள். பயிற்சி முகாமில் கேட்டது வகுப்பறைக்குள் போய்ச்சேருவது அரிது, சக ஆசிரியரோடு சேர்ந்து முயன்றால்தான் அது நிலைக்கிறது என்று 1980களில் எடுத்துக்காட்டியவர்கள் அவர்கள். தொடக்கத்தில், பார்த்தவர் பார்க்கப்பட்டவருக்குக் கருத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் அவர்களும் பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் கருத்துச் சொல்லத் தொடங்கிய ஆசிரியர் தம்மை அறியாமல் மேற்பார்வையாளராக மாறிவிடுவதையும், அதனால் இருவருக்கும் இடையிலான கூட்டுழைப்பு குலைவதையும் கண்டு, கருத்துச் சொல்லும் அந்தப் பகுதியையே நீக்கிவிட்டதாக 1996இல் எழுதினார்கள். அதோடு நிற்கவில்லை. பாடம் நடத்துபவரே பயிற்சி தருபவர், உட்கார்ந்து பார்ப்பவரே பயிற்சி பெறுபவர் என்று பொருளையே திருப்பிப் போட்டார்கள். உங்கள் முதல்வரின் சுற்றறிக்கையில் இந்த ஒன்று மட்டும் மாறியிருந்தால் உங்களுக்கு இந்தக் கடிதம் எழுதத் தோன்றியிருக்காது.

எனவே எதிர்க்க வேண்டாம், போய்ப் பேசுங்கள். மதிப்பெண் கட்டத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பாடம் நடத்துபவர் முடிவு செய்யட்டும் என்று கேளுங்கள். பார்த்தவர் எழுதிய தாள் பாடம் நடத்தியவரிடமே தங்க வேண்டும். நிர்வாகத்துக்குச் சான்று தேவை என்றால் இன்ன தேதி, இன்ன பாடவேளை, இருவர் கையொப்பம் என்று ஒரு பதிவேடு போதும். ஆசிரியர்களை மதிப்பிடும் உரிமையும் கடமையும் முதல்வருக்கு உண்டு. அதை அவர் தாமே வந்து, தம் பெயரிலேயே செய்யலாம். சகாக்களின் தோளில் துப்பாக்கியை வைக்க வேண்டியதில்லை.

கேள்வி: பார்வையாளராகப் போனால் எங்கே உட்கார வேண்டும்?
– ஆசிரியர், ஆவடி

பதில்: கடைசி பெஞ்சில் வேண்டாம். அங்கிருந்து தெரிவது பிடரிகளும் கரும்பலகையும்தான். பக்கவாட்டுச் சுவரோரம், ஜன்னல் பக்கம், முன்பாதியில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டால் பிள்ளைகளின் முகங்களும் நான்கைந்து நோட்டுகளும் கண்ணுக்கு எட்டும். கைப்பேசியை ஆசிரியர் அறையிலேயே விட்டுச் செல்லுங்கள். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டையும்!

கேள்வி: பணியில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியை ஒருவரின் வகுப்பைப் பார்க்க அனுமதி கிடைத்தது. 40 நிமிடங்களும் அமர்ந்தேன். மிக நன்றாக நடத்துகிறார் என்பதைத் தவிர எனக்கு எதுவும் எழுதத் தோன்றவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லையோ?
– ஆசிரியை, அம்பத்தூர்

பதில்: தெரியாதுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் பள்ளி ஆசிரியர்களைப் பற்றி 1975இல் எழுதிய நூலில் ஒரு விசித்திரத்தைச் சுட்டிக்காட்டினார். மற்ற எந்தத் தொழிலுக்கு வருபவரும் அந்தத் தொழிலை இவ்வளவு நெடுங்காலம் முன்னதாக வேடிக்கை பார்த்திருக்க மாட்டார். ஆசிரியராக வருபவரோ பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் பெஞ்சில் அமர்ந்து ஆசிரியர்களையே பார்த்துக்கொண்டிருந்தவர். ஆனால் மாணவராக இருந்து பார்த்தபோது கண்ணில் பட்டது மேடையின் முன்புறம் மட்டுமே. அந்த ஆசிரியர் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார், எதைச் சொல்லாமல் விட்டார், எந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார் என்பதெல்லாம் திரைக்குப் பின்னால் நடந்தவை. நீங்கள் அம்பத்தூரில் பார்த்ததும் அதே பழைய பெஞ்சிலிருந்துதான். நாற்காலி மட்டும் புதிது.

நான் தமிழாசிரியர். கணிதத்தில் எனக்கு இருக்கும் பயம் ஊரறிந்தது. ஒருமுறை வடசென்னைப் பள்ளி ஒன்றில், நண்பராகிய கணித ஆசிரியை ஒருவரின் ஆறாம் வகுப்பில் அமர்ந்திருந்தேன். பின்னங்களின் கூட்டல். பலகையில் இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் எழுதி, கூட்டச் சொல்லியிருந்தார். எனக்கு அருகே மூன்றாம் பெஞ்சு ஓரத்தில் இருந்த பையன், மேலுள்ள இரண்டு ஒன்றுகளைக் கூட்டி இரண்டு, கீழுள்ள இரண்டையும் மூன்றையும் கூட்டி ஐந்து என்று, ஐந்தில் இரண்டு என எழுதினான். எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். பலகையில் ஆறில் ஐந்து என்று இருந்தது. பக்கத்தில் இருந்தவனிடம் ரப்பரைக் கடன் வாங்கிச் சுத்தமாக அழித்தான்; காகிதத்தின் மேல் ஊதினான்; ஆறில் ஐந்து என்று எழுதினான். ஆசிரியை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அவன் நோட்டிலும் சிவப்பு மையால் சரிக்குறி இட்டு, "குட்" என்று சொல்லி நகர்ந்தார்.

அந்த ரப்பரை நான் மட்டுமே பார்த்தேன். 45 பிள்ளைகளை ஒருவராக மேய்த்துக்கொண்டிருந்த அவரால் அதைப் பார்த்திருக்க முடியாது. அவரைவிடப் பல மடங்கு திறமையான ஆசிரியராலும் முடியாது. மதியம் நான் சொன்னது, "மூன்றாம் பெஞ்சில் ஒருவன் முதலில் ஐந்தில் இரண்டு என்று எழுதினான், பிறகு அழித்தான்" என்பது மட்டுமே. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அவர் சற்று நேரம் சாம்பார் சாதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவன் ஒருத்தன் மட்டும் இருக்க மாட்டான், டீச்சர்" என்றார். மறுநாள் அவர் பாடத்தைத் தொடங்கியதே ஐந்தில் இரண்டு என்ற அந்த விடையைப் பலகையில் எழுதித்தான். "இது பாதியைவிடப் பெரியதா, சிறியதா?" என்று கேட்டாராம். சிறியது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பாதியோடு இன்னும் கொஞ்சத்தைச் சேர்த்தால் பாதியைவிடக் குறைந்துபோகுமா என்று அடுத்த கேள்வி. அதுவரை சூத்திரமாக இருந்த பாடம் அன்றைக்குத்தான் சிலருக்குப் பொருளாயிற்று என்று பிறகு என்னிடம் சொன்னார்.

ஆகவே அடுத்த முறை ஆசிரியையைப் பார்க்காதீர்கள். மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அவர்களை மட்டும் பாருங்கள். கெட்டிக்காரராகப் பெயரெடுத்த ஒருவர், நடுத்தரமான ஒருவர், வாயே திறக்காத ஒருவர். பாடம் எந்த இடத்தில் அவர்களைத் தொட்டது, எந்த இடத்தில் நழுவிப்போனது என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். "ஆர்வமாக இருந்தார்கள்" என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு, "10.25க்கு ஸ்கேலால் பெஞ்சைச் சுரண்டத் தொடங்கினாள், 10.31க்கு ஆசிரியை கதை சொன்னதும் நிறுத்தினாள்" என்று எழுதினால் அது செய்தி. தீர்ப்பை வைத்துக்கொண்டு எவரும் எதையும் செய்ய முடியாது.

பி.எட். படித்தபோது வகுப்பில் ஆசிரியரும் மாணவரும் பேசுவதை வகைபிரித்துக் குறிக்கும் பிளாண்டர்ஸின் முறையை மனப்பாடம் செய்திருப்பீர்கள்: பத்து வகைகள், மூன்று வினாடிக்கு ஒரு குறி. அதை முழுமையாகச் செய்தால் பேனாவைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. அதன் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வகுப்பின் இருக்கை வரைபடம் ஒன்றைத் தாளில் வரைந்து, எந்தப் பிள்ளை பேசினாலும் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வாருங்கள். என் வகுப்புக்கு ஒருவர் இப்படிச் செய்து கொடுத்த தாளை இன்னும் வைத்திருக்கிறேன். 19 கோடுகளில் 16 கோடுகள் வாசல் பக்கத்துப் பெஞ்சுகளில் விழுந்திருந்தன. பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் நான் அந்தப் பக்கமாகவே திரும்புகிறேன் என்பது 20 ஆண்டுகளுக்குப் பிறகு எனக்குத் தெரியவந்தது. ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் மந்தமானவர்கள் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். கேள்வி கேட்டபின் ஆசிரியர் எத்தனை வினாடிகள் காத்திருக்கிறார்? மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் ஏராளமான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நாம் மூன்று வினாடி காத்திருக்கிறோமா என்று பாடம் நடத்தும்போது நமக்கே தெரியாது. சுவரோரம் அமர்ந்திருப்பவருக்குத் தெரியும்.

கேள்வி: தமிழாசிரியர் கணித வகுப்பைப் பார்த்து என்ன பயன்?
– ஆசிரியர், வில்லிவாக்கம்

பதில்: மேலே பார்க்க. பாடம் தெரியாதவர் பாடத்தைத் திருத்தப் புறப்பட மாட்டார். பிள்ளைகளைப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. என்றாலும், பின்னத்தை இப்படி அறிமுகம் செய்வதா அப்படிச் செய்வதா என்ற கேள்வி வரும்போது அதே பாடத்தை நடத்தும் ஒருவர்தான் உதவ முடியும். ஆண்டில் ஒருமுறை பிற பாடம், ஒருமுறை சொந்தப் பாடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எல்லாம் சரி, நேரம் எங்கே இருக்கிறது? எங்களுடையது அரசு உதவி பெறும் பள்ளி. 14 ஆசிரியர்கள். ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருக்கிறார், இன்னொருவர் வாக்காளர் பட்டியல் பணியில். சப்ஸ்டிடியூஷன் நோட்டு வந்தாலே எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இதில் ஒருவர் வகுப்பை இன்னொருவர் வேடிக்கை பார்ப்பதா?
– தலைமை ஆசிரியை, ராயபுரம்

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஓய்வு பாடவேளையைப் பிடுங்கி இதற்குக் கொடுத்தால், தொடங்கிய வாரத்திலேயே இது செத்துவிடும்; ஓர் ஆசிரியருக்கு நாளில் கிடைக்கும் அந்த ஒரே இடைவெளியில்தான் அவர் நோட்டுத் திருத்துகிறார், தண்ணீர் குடிக்கிறார், வீட்டுக்கு ஒரு போன் செய்கிறார்.

முழுப் பாடவேளை தேவையில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். 20 நிமிடங்கள் போதும். பார்க்கப் போகும் ஆசிரியரின் வகுப்பை அந்த 20 நிமிடங்களுக்கு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியர் பாடம் நடத்துவதை மறந்துவிடக் கூடாது என்பது என் பழைய கட்சி. அதை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு இருவர் வீதம் எடுத்துக்கொண்டால் ஏழு வாரங்களில் 14 பேருக்கும் ஒரு முறை வந்துவிடுகிறது. ஜூலை தொடக்கத்தில் ஆரம்பித்தால் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முடித்துவிடலாம். அதற்குப் பின் வைத்துக்கொள்ளாதீர்கள். அக்டோபர் பிறந்தால் நம் ஊரில் கால அட்டவணையை எழுதுவது வானிலை மையம்தான். மழை விடுமுறை போனது போக டிசம்பரில் அரையாண்டு, பொங்கல் கழிந்தால் செய்முறைத் தேர்வு, பிறகு பொதுத்தேர்வு. அந்த மாதங்களில் ஓர் ஆசிரியரிடம் போய், "உன் வகுப்பைப் பார்க்க வரட்டுமா?" என்று கேட்பவர் நண்பராக நீடிக்க முடியாது.

பார்த்தபின் பேசுவதற்குப் பத்து நிமிடங்கள் வேண்டும், அதுவும் அன்றைக்கே. மறுவாரம் பேசினால் இருவருக்கும் ஒன்றும் நினைவிருக்காது. மதிய இடைவேளைக்கு முந்தைய பாடவேளைகளிலேயே பார்க்க வைத்தால், இடைவேளையில் அந்தப் பத்து நிமிடம் பிறந்துவிடுகிறது.

இத்தனைக்கும் ஆசிரியர்கள் விரும்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். விருப்பமுள்ள நான்கு பேரோடு தொடங்குங்கள். அவர்களில் ஒருவர் உங்கள் வகுப்பையும் வந்து பார்க்கட்டும்.

கேள்வி: இதெல்லாம் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் செய்வது. நம் சூழலுக்கு ஒத்துவருமா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: ஜப்பானில் இருப்பது உண்மை. அங்கே ஆசிரியர்கள் குழுவாக அமர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள். திருத்தி மறுபடி நடத்துகிறார்கள். 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு நூலுக்குப் பிறகுதான் அமெரிக்கர்கள் இதைப் பரவலாகத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் மயிலாப்பூரிலிருந்து எழும்பூருக்குப் போகும் தூரத்தில் ஒரு கதை இருக்கிறது, கேளுங்கள்.

1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், எழும்பூரில் இருந்த படைவீரர்களின் அநாதைச் சிறுவர் இல்லத்துக்குக் கண்காணிப்பாளராக வந்தார். ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது, நம் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். திரும்பி வந்து, தம் பள்ளியிலும் அப்படியே எழுத்துக் கற்பிக்க வேண்டும் என்று ஆசிரியர்களுக்கு உத்தரவிட்டார். அவர்கள் அசையவில்லை. கடைசியில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் பொறுப்பைக் கொடுத்தார். அவன் செய்து காட்டினான். மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் அந்த ஏற்பாட்டைப் பற்றி 1797இல் அவர் லண்டனில் எழுதி வெளியிட, அது மெட்ராஸ் முறை என்ற பெயரில் பல நாடுகளுக்குப் போயிற்று. நம் சட்டாம்பிள்ளைதான் கப்பலேறினார் என்று சொல்லலாம்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த பாத்திரம் பெல் அல்லர், அசைய மறுத்த அந்த ஆசிரியர்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று வரலாறு எழுதிவிட்டது. ஆனால் திண்ணையைப் பார்த்தது மேலாளர். மாற்றச் சொன்னது ஆசிரியர்களை. அவர்களையும் ஒரு காலை அந்தத் திண்ணைக்கு அழைத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு நூற்றாண்டு கழித்து இதே நகரம் அதற்குப் பதில் சொன்னது. 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் பிள்ளைகள் பாட அட்டைகளைக் கொண்டு ஏணிப்படி போலத் தம் வேகத்தில் படிப்படியாக முன்னேறும் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியபோது, ஆசிரியர்களை ஆந்திராவிலுள்ள ரிஷிவேலிப் பள்ளிக்கு அனுப்பி அங்குள்ள வகுப்பறைகளை நேரில் பார்க்கச் செய்தார்கள். 2007இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தபோது வந்த குறைகளும் கசப்புகளும் தனிக்கதை. என் பார்வையில், எல்லா ஆசிரியரையும் அப்படி அழைத்துப்போய்க் காட்ட முடியாததும் அதற்கு ஒரு காரணம்.

இன்னும் பழமை வேண்டுமானால் நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் புரட்டுங்கள். ஆசிரியரிடம் கேட்டுக் கிடைப்பது கால் பங்கு, 'அவ்வினையாள'ரோடு பழகிக் கிடைப்பது இன்னொரு கால், பிறருக்கு உரைப்பதால் கிடைப்பது மீதி அரை என்று பவணந்தியார் கணக்குப் போட்டிருக்கிறார். அவர் சொன்னது உடன் பயிலும் மாணவரைத்தான். ஆசிரியருக்குப் பொருந்தாது என்று எங்கும் சொல்லவில்லை.

கேள்வி: சி.பி.எஸ்.இ. பள்ளியில் பணி. ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்று இணையவழி வகுப்புகளாகவே ஓடுகின்றன. நீங்கள் சொல்வதையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார்களா?
– ஆசிரியை, தாம்பரம்

பதில்: 2020இன் தேசியக் கல்விக் கொள்கை சொன்ன 50 மணி நேரம் அது. உங்கள் பள்ளி எதைச் சேர்க்கிறது என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வெபினார், மறுபக்கம் மூன்றாவது குக்கர் விசில் என்று சேர்ந்த சான்றிதழ்கள் என் உறவினர் வீட்டிலேயே ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. அவற்றைக் குறைசொல்ல மனமில்லை, குக்கரைக் குறைசொல்ல முடியாதல்லவா? கணக்கில் சேராவிட்டாலும் ஆண்டில் இரண்டு முறை 20 நிமிடம் என்பது ஒரு மணி நேரம்கூட இல்லை.

கேள்வி: சக ஆசிரியையின் அறிவியல் வகுப்பைப் பார்த்தேன். கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் வருவதால் வெப்பம் கூடுகிறது என்று சொல்லிக்கொடுத்தார். அது தவறு. நீங்களோ கருத்துச் சொல்லாதே என்கிறீர்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதா?
– ஆசிரியை, ஆலந்தூர்

பதில்: கூடாது. கற்பிக்கும் பாங்கைப் பற்றிக் கருத்துச் சொல்லாமல் இருப்பது வேறு, 40 பிள்ளைகள் தவறான செய்தியோடு வீட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. ஆனால் வகுப்பிலேயே குறுக்கிடாதீர்கள், தாளில் எழுதாதீர்கள், மூன்றாமவரிடம் சொல்லாதீர்கள். அன்று மாலைக்குள் தனியாகச் சந்தித்து, "எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைப்பு இருந்தது, பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்திலாம், நம் மார்கழிக் குளிரில், அச்சின் சாய்வுதான் காரணமாம்" என்று ஆரம்பியுங்கள். முதல் வாக்கியம் பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. திருத்தத்தை மறுநாள் வகுப்பில் அவரே சொல்லட்டும். "நேற்று நான் சொன்னது தப்பு" என்று ஓர் ஆசிரியர் சொல்லக் கேட்பது பிள்ளைகளுக்கும் ஒரு பாடம்.

கேள்வி: என் மகளின் வகுப்பில் சில நாட்கள் இரண்டு மிஸ் இருக்கிறார்களாம். ஒருவர் பேசாமல் எழுதிக்கொண்டே இருக்கிறாராம். பிள்ளைகளின் கவனம் சிதறாதா?
– ஒரு தாய், வளசரவாக்கம்

பதில்: முதல் ஐந்து நிமிடம் சிதறும். பிறகு அவரை மின்விசிறிபோல் மறந்துவிடுவார்கள். அவர் ஏன் வந்திருக்கிறார் என்று வகுப்பாசிரியை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. "நானும் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்" என்று அவரே சொன்னால் இன்னும் நல்லது.

கேள்வி: எல்லா வகுப்பிலும் கண்காணிப்புக் கேமரா இருக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு என்று எங்கள் தாளாளர் கேட்கிறார்.
– துணை முதல்வர், வேளச்சேரி

பதில்: மேற்கூரை மூலையில் இருக்கும் கேமராவுக்கு அந்த ரப்பர் தெரியாது. தெரிந்தாலும் அது மதியம் சாப்பிட வராது.

கேள்வி: அடுத்த வாரம் முதன்முறையாக என் வகுப்புக்குத் தோழி ஒருவர் வருகிறார். எதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டுமாம். என்ன சொல்வது?
– ஆசிரியை, திருவொற்றியூர்

பதில்: உங்களுக்கு விடை தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள், ஒன்றே ஒன்றை மட்டும். "நான் நன்றாக நடத்துகிறேனா?" என்று கேட்டால் அவர் "ஆமாம்" என்றுதான் சொல்வார், பாவம். எதுவும் தோன்றாவிட்டால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நாம் எல்லோரும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "புரிஞ்சுதா?" என்று கேட்கிறோம், வகுப்பே "புரிஞ்சுது மிஸ்" என்று இழுத்துப் பாடுகிறது, நாம் பக்கத்தைத் திருப்புகிறோம். எத்தனை முறை கேட்கிறீர்கள் என்று அவர் எண்ணட்டும். பாடும்போது உதடு அசையாத பிள்ளைகள் யார் யார் என்று இருக்கை வரைபடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டுத் தரட்டும்.